காலிப் பை பாக்கி

என் சகலை எனக்குத் தர வேண்டியிருந்தது எண்ணாயிரத்து நானூறு. கொட்டகைக் கதவின் உள்பக்கம் சாக்கட்டியால் எழுதி வைத்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். எழுத்து கோணும், எண் கோணாது. அதுவும் அடுத்தவன் எனக்குத் தர வேண்டிய எண் என்றால் அச்சடித்த மாதிரி விழும்.

கைமாற்றாகக் கொடுத்த கடன் இல்லை இது. காலி சிமெண்டுப் பைக்கான பணம். எங்கள் பட்டறையில் சிமெண்டுப் பலகை செய்கிறோம். உள்கூரைக்கும் தடுப்புக்கும் அலமாரிக்கும் போகிற மெல்லிய பலகை. நான் அங்கே பதினைந்து வருடமாகக் கலவைக்காரன். பட்டறை தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. பையைப் பிரித்துக் கொட்டுகிறவனுக்கே காலிப் பை சொந்தம். அந்தத் தூசியை மூக்கில் வாங்குகிறவன் அவன்தானே. பையை உதறி, மடித்து, கட்டுக் கட்டிக் கொட்டகையில் அடுக்கி, மாதக் கடைசியில் பழைய காகிதக் கடையில் போடுவேன். பைக்கு மூன்று ரூபாய். என் வீட்டில் மின்விசிறி சுற்றுவது அந்தப் பணத்தில். மகள் தட்டச்சுப் படித்ததும் அதில்தான்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். காகித ஆலையில் இருந்தான். ஆலையை மூடிவிட்டார்கள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்த சுவர் என் சுவர். இரண்டு குடும்பமும் ஒரே வரிசை வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறோம். நடுவில் தடுப்பாக நிற்பது நான் கலந்த கலவையில் செய்த பலகை. அந்தப் பக்கம் தங்கை பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் அக்காள் தூங்க மாட்டாள். அக்காள் தூங்காவிட்டால் என்னையும் தூங்க விடமாட்டாள். அதனால் நானே முதலாளியம்மாவிடம் போய் நின்றேன்.

"உதவியாளா வச்சுக்குங்கம்மா. நல்ல பையன். குனிஞ்ச தலை நிமிர மாட்டான்."

நிமிர்ந்தான். அதுதான் இந்தக் கதை.

அப்போதெல்லாம் பலகைக்குள் கம்பிவலை வைத்துத்தான் அழுத்துவோம். வலை விலை ஏறிக்கொண்டே போனது. ஈரம் பட்டால் துரு கசிந்து பலகையில் பழுப்புக் கறை விழும். வாங்கியவர்கள் திருப்பி அனுப்புவார்கள். சகலை வந்த புதிதில் ஒரு நாள் என் காலிப் பை ஒன்றை எடுத்தான். நீளவாக்கில் கிழித்தான், குறுக்கே கிழித்தான், கிழிந்த ஓரத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

"அண்ணே, இது என்னன்னு நினைக்கிறீங்க?"

"பை."

"மரத்தோட நாருண்ணே. எவ்வளவு நீளமா இருக்கு பாருங்க. ஆலையில எங்களுக்கு இப்படிச் சரக்கு கிடைச்சா கொண்டாடுவோம். இதைத் திரும்பக் கூழாக்கி சிமெண்டுல கலந்தா கம்பிவலையே வேண்டாம்."

"சிமெண்டு வந்த பையை சிமெண்டுக்குள்ளயே போடப்போறியா? அப்படியே என்னையும் போட்டுக் கலக்கிடு. இன்னும் வலுவா இருக்கும்."

அழுத்தும் மேடையில் வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள். என் உடம்பைப் பார்த்துப் பட்டறையில் எனக்கு வைத்திருக்கிற பெயர் 'மூட்டை'. நானே என்னைக் கிண்டல் செய்துகொண்டால் மற்றவர்கள் செய்வது குறையும் என்று ஒரு கணக்கு.

அவன் சிரிக்கவில்லை. "கடைக்காரர் தர்ற விலையே நானும் தர்றேன்ணே. இப்ப கையில இல்ல. எழுதி வச்சுக்குங்க" என்றான்.

எழுதி வைத்தேன்.

இரும்புப் பீப்பாயில் பையைக் கிழித்துப் போட்டு ஊறவிடுவான். அடியில் ஒரு தகட்டைப் பொருத்தி, பழைய மோட்டாரை வைத்துச் சுற்றவிடுவான். காலையில் போட்ட பை மதியத்துக்குள் காணாமல் போய்விடும். பழுப்பு நிறக் கஞ்சி மாதிரி ஏதோ மிஞ்சும். கையை விட்டு எடுத்தால் விரலிடுக்கில் மயிரிழை மாதிரி நார் தொங்கும். அந்தத் தண்ணீரையும் அவன் கீழே விடமாட்டான். "தண்ணியைக் கொட்டினா பொடி நாரெல்லாம் அதோட போயிடும்ணே" என்று அதையே கலவைக்குக் கொடுப்பான். சோற்றுப் பானையைக் காக்கிறவன் மாதிரி அந்தப் பீப்பாயைக் காத்தான்.

முதல் கலவையை நான்தான் போட்டேன். என் வழக்கப்படி சிமெண்டையும் தண்ணீரையும் குழைத்துவிட்டு, மேலே நாரைக் கொட்டினேன். நார் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. மண்வெட்டியால் அடித்தாலும் பிரியவில்லை.

"அண்ணே, முதல்ல நாரு தண்ணியில பிரியணும். அப்புறம்தான் சிமெண்டு."

மெதுவாகத்தான் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் மோட்டார் நின்ற நேரம் அது. பட்டறை முழுக்கக் கேட்டது. பதினைந்து வருடம் கலந்தவனுக்கு, எதை முதலில் கொட்டுவது என்று நேற்று வந்தவன் சொல்கிறான். மேடைப் பெண்களில் மூத்தவள், வாய் சும்மா இருக்காதவள், "மூட்டையைப் பிரிச்சு முதல்லருந்து கட்டணும் போல" என்றாள்.

பலகை காய்ந்த பிறகு முதலாளியம்மா சுத்தியலோடு வந்தார். கம்பிவலை இல்லாத வெறும் பலகையை முதலில் தட்டினார். தட்டு உடைகிற மாதிரி இரண்டாகப் போனது. சகலையின் பலகையைத் தட்டினார். விரிசல் விட்டது, ஆனால் விழவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். விரிசல் அகன்றது, இரண்டு பக்கத்தையும் நார்கள் பல்லால் கடித்த மாதிரி பிடித்துக்கொண்டிருந்தன. அம்மா நகத்தால் அந்த நார்களை நெருடிப் பார்த்தார்.

"இனிமே கம்பிவலை வாங்க வேண்டாம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சகலைக்கு 'நாரு' என்று பெயர் விழுந்தது. எனக்கு விழுந்த பெயரைப் போல இல்லை அது. "நாரு எங்க? நாருகிட்ட கேளு. நாரு சொன்னா சரி." அலுவலக அறையில் அம்மாவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தான். நான் அந்த அறைக்குள் பதினைந்து வருடத்தில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் அதே கதை. "நம்ம தங்கச்சி வீட்டுக்காரர் யோசிக்கிறார் பாருங்க" என்பாள் மனைவி, என் தட்டில் சோற்றைப் போட்டபடி.

"நான் என்ன, கழுத்துக்கு மேல சும்மாவா வச்சிருக்கேன்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை. அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். என் பலகை வழியாக அந்தச் சிரிப்பு எனக்கே வந்தது. கொஞ்சம் தடிமனாகப் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் கதவில் இருந்த எண். பைச் செலவு தன்னுடையது என்று அவனே ஏற்றுக்கொண்டிருந்ததால், பை போகப் போக அது ஏறியது. நாரு எவ்வளவு உயர்ந்தாலும் என் கொட்டகைக்குள் வரும்போது கடன்காரனாகத்தான் வர வேண்டும். குனிந்து, கதவைப் பார்த்து, "சீக்கிரம் தந்துடறேன்ணே" என்று சொல்ல வேண்டும். நானும் "மெதுவா தாப்பா, எங்க ஓடிடப் போற" என்பேன். அதைச் சொல்கிற சுகத்துக்கு இன்னொரு எண்ணாயிரம் கூடக் கொடுக்கலாம் போலிருக்கும்.

அப்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. புதிதாகக் கட்டுகிற ஒரு மருத்துவமனைக்கு இருநூறு உள்கூரைப் பலகை. அவர்களுடைய பொறியாளர் நேரில் வந்து சோதித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வார். அம்மா சகலையைக் கூப்பிட்டு, "இது நல்லபடியா முடிஞ்சா கூழ் வேலை முழுக்க உன் பொறுப்பு. தனிச் சம்பளம், கீழ ரெண்டு ஆள்" என்றார். நான் வெளியே சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தேன். கீழே இரண்டு ஆள் என்றால் யார்? நானும் இன்னொருத்தனுமா?

அன்று சாயங்காலம் அவன் கொட்டகைக்கு வந்தான்.

"அண்ணே, நாளைக்கு நிறையப் பை வேணும்."

"பழைய பாக்கியை வச்சுட்டுப் பையை எடு."

அவன் முகம் மாறியது. விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தான்.

"இந்த வேலை முடிஞ்சா முழுசாத் தந்துடுவேன்ணே. ஒரு மாசம்."

"முடிஞ்ச பிறகு வா. பை எங்கேயும் போகாது."

"நீங்க தரலைன்னா நான் எப்படிண்ணே முடிக்கிறது?"

"அதை யோசிக்கத்தானே உனக்கு நாற்காலி போட்டிருக்காங்க."

அம்மாவிடம் போனான். அம்மா தலையிடவில்லை. "பை அவரோடது. அந்த வழக்கத்துல நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது. ஏற்கெனவே இருந்த சுற்றுகளோடு.

மறுநாள் அவன் ஒரு வண்டி நிறையப் பையோடு வந்தான். பழைய காகிதக் கடையில் தவணைக்கு வாங்கியிருக்கிறான். அச்சு எதுவும் இல்லாத வெறும் பழுப்புப் பைகள். என் பையை விடத் தடிமன். "நாரு இன்னும் நீளம்" என்று எல்லாரிடமும் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது. கடைக்காரன் என்னிடம் பதினைந்து வருடமாக வாங்கியவன்; அவனும் கட்சி மாறிவிட்டான்.

அந்தப் பைகளைக் கூழாக்கி, நாற்பது பலகை போட்டோம். மறுநாள் காலையில் அச்சைக் கழற்றப் போன மூத்தவள், "இது என்னது, இன்னும் களிமண்ணாவே இருக்கு?" என்றாள். விரலை வைத்தால் பள்ளம் விழுந்தது. இன்னொரு நாள் விட்டுப் பார்த்தோம். அப்படியேதான் இருந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே சிமெண்டில் நார் இல்லாமல் ஒரு பலகை போடச் சொன்னார். அது கல்லாக இறுகியது. சிமெண்டில் குறை இல்லை, கலவையில் குறை இல்லை. குறை கூழில்.

"கம்பிவலைக்கே திரும்பிடலாம். நாள் இல்ல" என்றார் அம்மா. சகலை மெத்தென்று கிடந்த பலகைகளைத் தடவியபடி நின்றான்.

அன்று நான் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

"இன்னிக்கு என்ன இவ்வளவு பசி?" என்றாள் மனைவி. அவள் கண் சிவந்திருந்தது. தங்கையிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள்.

"வேலை ஜாஸ்தி" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பலகை அன்றைக்கு எவ்வளவு தடிமனாக இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் சாயலாம் என்று இடம் பார்த்தேன். அவன் வாங்கிய பைகளில் பாதி அப்படியே குவிந்து கிடந்தன. எதிரியின் குவியல் என்றாலும் மெத்தை மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். தொடையில், இடுப்பில், சொல்ல முடியாத இடத்தில் எல்லாம் எறும்பு. கட்டெறும்பு. தட்டிவிட்டுக்கொண்டே பார்த்தேன். பைகளின் தையல் ஓரமெல்லாம் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

தையலைப் பிரித்தேன். மடிப்புக்குள் வெள்ளையாகப் பொடி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

சர்க்கரை.

சர்க்கரை வந்த பை. கலவை வேலை தெரிந்தவன் எவனும் டீத் தம்ளரைக் கலவை மேடையில் வைக்க மாட்டான். சர்க்கரை பட்ட சிமெண்டு இறுகாது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே தலையில் குட்டிச் சொன்னது. சகலைக்கு அது தெரிய நியாயமில்லை. அவன் காகிதக்காரன். பை நல்ல பையா என்று பார்ப்பான், பையில் என்ன வந்தது என்று பார்க்க மாட்டான். ஊறவைத்த தண்ணீரைக் கீழே விடுகிறவனாக இருந்தாலாவது பாதி சர்க்கரை போயிருக்கும். அவன் ஒரு சொட்டுக்கூட விடமாட்டானே.

சுற்றிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. துடைப்பத்தை எடுத்து எறும்பைப் பெருக்கித் தள்ளினேன். அது பாட்டுக்குத் திரும்பி வந்தது. மறுபடி பெருக்கினேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கம்பிவலை வரும், என் பை எனக்கு வரும், நாற்காலி காலியாகும். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருப்பது எனக்கு நன்றாக வருகிற வேலை.

"அண்ணே."

பின்னால் சகலை நின்றான்.

"நீங்க எதுக்குண்ணே என் சரக்கைப் பெருக்கிட்டு இருக்கீங்க? விடுங்க, நான் பாத்துக்கறேன்."

அன்பாகச் சொன்னான். நான் அவனுக்கு உதவுகிறேன் என்று நினைத்துவிட்டான். துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான்.

"எண்ணாயிரத்து நானூறு. எண்ணிக்குங்க."

"ஏது இது?"

"சைக்கிளை வித்துட்டேன். மீதிக்கு அவ வளையல். நாளையிலருந்து நான் வரலைண்ணே. நீங்க சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை, உங்க பேரைக் கெடுத்துட்டேன். கடனோட போக மனசு வரலை."

நான் பொட்டலத்தைப் பார்த்தேன். இந்த நாளுக்காகத்தானே நான் காத்திருந்தேன்? அவன் தோற்றுவிட்டான், போகிறான். ஆனால் போகிற அழகைப் பாருங்கள். கடனைத் தீர்த்துவிட்டு, என் பேரைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, தலை நிமிர்ந்து போகிறான். நாளைக்கு என் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குக் காதில் கேட்டது. "வளையலை வித்து உங்க பாக்கியை வச்சுட்டுப் போனாரே, மனுஷன்." வேலையில் இருந்தபோதாவது அவன் மேல் பழி சொல்ல ஏதாவது கிடைத்தது. இப்படிப் போய்விட்டால் சாகிறவரை அவன்தான் உயர்ந்தவன், நான்தான் எறும்பு பெருக்கினவன்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"நாக்கை நீட்டு" என்றேன்.

"என்னண்ணே?"

"நீட்டுய்யா."

பிரித்த தையலில் விரலைத் தேய்த்து அவன் நாக்கில் வைத்தேன். சப்புக்கொட்டினான்.

"இனிக்குது."

"இனிச்சா சிமெண்டு சேராது. சர்க்கரைப் பையை வாங்கிட்டு வந்திருக்க. கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான். நாரு நல்ல நாருதான். போ, சைக்கிளைத் திருப்பி வாங்கு. வளையலையும்."

அவன் அந்தப் பையைப் பார்த்தான், எறும்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எப்போது கண்டுபிடித்தேன் என்று கேட்பான் என்று பயந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் இரண்டு சண்டை போட்டிருப்பேன். அவன் நேராக அலுவலக அறைக்குப் போய், "அண்ணன்தான்மா கண்டுபிடிச்சார். அவர் இல்லைன்னா நான் ஊரை விட்டே போயிருப்பேன்" என்று சொன்னான். பட்டறை முழுக்கச் சொன்னான். தாராளமும் அவனிடம்தான் இருக்கிறது பாருங்கள். அதைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

கொட்டகையைத் திறந்து என் பைகளைக் கொடுத்தேன். அம்மா, "இனிமே காலிப் பையைப் பட்டறையே உங்ககிட்ட வாங்கிக்கும், அதே விலைக்கு, மாசா மாசம்" என்றார். சரி என்றேன். உதறினேன், எண்ணினேன், கொடுத்தேன். நாரை முதலில் தண்ணீரில் பிரித்து, பிறகு சிமெண்டைத் தூவினேன். இந்த முறை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பலகைகள் இறுகின.

பொறியாளர் வந்தார். இரண்டு கல்லின் மேல் ஒரு பலகையைக் குறுக்கே வைக்கச் சொன்னார். நடுவில் பாரம் ஏற்ற மணல் மூட்டை கேட்டார்.

"மணல் மூட்டை எதுக்கு? நம்ம மூட்டை இருக்கே" என்றாள் மூத்தவள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பொறியாளரும் சிரித்துவிட்டுத் தலையசைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். பலகை என் காலுக்குக் கீழே மெல்ல வளைந்தது. கம்பிவலைப் பலகையாக இருந்தால் இந்நேரம் ஒரு சத்தம் வந்திருக்கும். இது சத்தம் போடவில்லை. அந்தக் கலவை நான் போட்டது, அந்தப் பை என்னுடையது. உடையக் கூடாது என்றுதான் ஒரு கால் நினைத்தது. இன்னொரு கால் லேசாக ஒரு குதி குதித்துப் பார்த்தது. பலகை கீழே போய் மேலே வந்தது.

"அப்படியே நில்லுங்க, இறங்க வேண்டாம்" என்றார் பொறியாளர். குனிந்து, விரிசல் தேடினார்.

சகலை பக்கத்தில் வந்தான். பலகைகள் இறுகியதைப் பார்த்து, கூழ் வேலைக்கு அன்று காலைதான் அம்மா அவனுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்.

"அண்ணே, கையை நீட்டுங்க."

"இப்பவா? நான் நிக்கிறது தெரியலையா?"

"இப்பத்தான் ஓட மாட்டீங்க. போன தடவை வாங்க மாட்டேன்னு சொல்லிட்டீங்க."

தாள்களை ஒவ்வொன்றாக என் கையில் வைத்தான். "பார்த்து வை, நாரு. பாரம் கூடுது" என்று மூத்தவள் கத்தினாள். அம்மாகூடச் சிரித்தார். அத்தனை பேருக்கு நடுவில், இறங்கவும் முடியாமல், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், அவன் செய்த பலகையின் மேல் நின்றுகொண்டு அவன் கொடுத்த பணத்தை வாங்கினேன்.

ஒரு தாளாவது குறையும் என்று இரண்டு தரம் எண்ணினேன். சரியாக இருந்தது.